இரண்டு இலக்கம்

ருவைஸ் முகாமில் இலவசமாய்க் கிடைப்பவை
குடிதண்ணீர், வெயில்,
அப்புறம் இந்தப் போர்.

மூன்று இரவு இறங்கியது.
வைஃபை இரண்டு மணிக்கு மேல்தான் மூச்சு விடும்.
தொண்ணூற்றேழு சதவீதத்தில் ஒருமுறை அறுந்து
மறுபடி முதலிலிருந்து.
நேர்ச்சை வைக்கலாமா என்று கேட்டான் சீனி நைனா,
பாதி விளையாட்டாக.

பெரிய படமெல்லாம் இல்லை.
தேனடை போல அறுகோணக் கட்டங்கள்,
நீலம் ஒரு படை, சிவப்பு ஒரு படை.
மஞ்சளெல்லாம் பாலை:
ஒரு கட்டம் கடக்க இரண்டு புள்ளி செலவு.
சிரித்தோம்.
எங்களுக்கு ஒரு கட்டம் கடக்க
ஏஜெண்டுக்கு எண்பதாயிரம் ஆயிற்று.

பகலில் நான் ஸ்டோர் கீப்பர்.
கையுறை ஒரு ஜோடி, கையெழுத்து.
பதினாறு எம்எம் போல்ட் நாற்பது, கையெழுத்து.
என் பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது,
அதை வாங்கி வைத்தவர் எதிலும் கையெழுத்துப் போட்டதாய் ஞாபகமில்லை.
இரவில் ஆறாயிரம் டாங்கிகளுக்குத் தளபதி.
ஒரு சொடுக்கு,
ஒரு படைப்பிரிவு கிழக்கே நகரும்.

சீனி நைனா எப்போதும் பாய்வான்.
நான்காம் சுற்றில் டீசல் தீர்ந்து
எதிரியின் ஊர் நடுவே திருதிருவென்று நிற்பான்.
வாகை சூடுகிறவன் வேறு, டீசல் ஊற்றுகிறவன் வேறு என்பேன்.
எந்தப் போரையும் ஜெயிப்பது ஸ்டோர் கீப்பர்தான்.
பரணி பாடியவர்கள் அவனை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இப்படி நான் பதினொரு முறை ஜெயித்த பிறகு
விடுப்பு முடிந்து குகதாசன் வந்தார்.
விசுவமடுக்காரர். சாரக்கட்டு ஃபோர்மன்.
மேல்கட்டிலிலிருந்து இரண்டு நாள் பார்த்தார்.
மூன்றாம் நாள் இறங்கி,
"தம்பி, எனக்கு ஒருக்கா தாரும்."

பின்வாங்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்.
மூன்று வீடு வரைந்த சின்னத்தில் அம்பை நிறுத்தி
"இதுக்குள்ள எத்தினை சனம்?"
அழுத்திப் பார்த்தேன்.
கிராமம். தற்காப்பு ஒன்று கூடும். பிடித்தால் ஐந்து புள்ளி.
அட்டவணையில் சனத்துக்கு வரி இல்லை.

குண்டு ஏற்றிய லாரிகளைக் காலி செய்தார்.
ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு சுற்று நிறுத்தினார்.
பிறகு கடலை நோக்கி, கட்டம் கட்டமாக.
ஏற்ற எதுவுமில்லை என்று
ஆட்டம் சொல்லிக்கொண்டேயிருந்தது.
அவர் 'சரி'யை அழுத்திக்கொண்டேயிருந்தார்.
டாங்கிகள் போயின. பாலம் போயிற்று.
இருபதாம் சுற்றில் லாரிகள் கரையில் நின்றன,
வெறுமையாக,
வரிசை குலையாமல்.
திரையில்: படுதோல்வி.

சீனி நைனா எதையோ சொல்ல வந்து
தலையணையைச் சரி செய்தான்.
"இன்னொருக்கா" என்றார் அவர்.

ஒன்பது இரவு அதே ஆட்டம்.
ஐந்தாம் இரவில் ஒரு லாரி கூடுதலாகக் கரை சேர்ந்தது.
அன்றைக்கு மட்டும்
எங்களுக்கெல்லாம் பிளேன்டீ போட்டுத் தந்தார்,
சர்க்கரை தூக்கலாக.

வரைபடம் திருத்தும் கருவியும் ஆட்டத்தோடு இலவசம்.
பத்தாம் நாள் விடியுமுன் திறந்தேன்.
ஸ்டோர் கீப்பருக்கு வேறென்ன தெரியும்?
புது வரி ஒன்று சேர்த்தேன்: சனம்.
எண்ணிக்கை கேட்டது.

நாலரை பஸ்ஸுக்கு
பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.
"அண்ணே, ஒரு ஊருக்கு எத்தனை போட?"
யோசிக்காமல் ஒரு எண் சொன்னார்.
கட்டம் ஏற்கவில்லை. இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.
தொண்ணூற்றொன்பது போட்டுக் காட்டினேன்.
குனிந்து பார்த்தார்.
"மிச்ச ஆக்கள்?"

பஸ் இரண்டாம் முறை ஹாரன் அடித்தது.
கையுறையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனார்.
ஸ்டோர் ஜன்னலில் வந்து நின்றபோது
வேறு ஜோடி எடுத்துக் கொடுத்தேன்,
கையெழுத்து வாங்காமல்.